எண்பதாயிரம் மைல் எதன் ஆயுள்?

அமெரிக்காவிலோ கனடாவிலோ டயர் கடைக்குப் போனால் பேச்சு மைல் கணக்கில்தான் தொடங்கும். இது அறுபதாயிரம் மைல் டயர், அது எண்பதாயிரம் மைல் டயர் என்பார் விற்பனையாளர். ஓசை, மழையில் பிடிப்பு, பெட்ரோல் சிக்கனம் எல்லாம் பிறகுதான். வாங்க வந்தவருக்கும் அதுவே வசதி. விலையை மைலால் வகுத்தால் எது லாபம் என்று அங்கேயே தெரிந்துவிடுவதாகத் தோன்றும். ‘ஆல் சீசன்’ வகை டயர்களைப் பொறுத்தவரை ஒப்பீடு பெரும்பாலும் இந்த ஒரே கணக்கோடு முடிந்துவிடுகிறது.

அந்தக் கணக்கை இங்கே பிரித்துப் பார்க்கலாம். ஆல் சீசன் டயர்களின் திறனையும் ஆயுளையும் அளக்க என்னென்ன அளவுகோல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதை அளக்கிறது, எதைக் கைவிடுகிறது என்று பார்த்தால் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. டயருக்கு இரண்டு ஆயுள் உண்டு. சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் வரை ரப்பர் தேய்வது ஒன்று. மழையிலும் பனியிலும் சாலையைப் பிடிக்கும் திறன் தீர்ந்துபோவது இன்னொன்று. இரண்டாவது வெகு முன்னதாகவே வந்துவிடும். கடையில் விற்கப்படுவதோ முதல் ஆயுள்.

ஒரே டயர், நான்கு பருவம்

1970கள் வரை வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் கார் வைத்திருந்தவர்கள் குளிர்காலம் வந்ததும் பனி டயருக்கு மாறுவதும், வசந்தம் வந்ததும் பழையதை மாட்டுவதும் வழக்கம். பெரும்பாலான கார்களைப் பின்சக்கரங்களே உந்தித் தள்ளின. ஆகவே பலர் பின்சக்கரங்களுக்கு மட்டும் பனி டயர் மாட்டினார்கள். இந்த வேலை மிச்சமாகட்டும் என்று குட்இயர் நிறுவனம் 1977இல் ‘டியெம்போ’ என்ற ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. ஆல் சீசன் என்ற வகையே அதிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. இன்று அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகை டயரோடுதான் வருகின்றன.

பக்கச் சுவரில் ‘எம்+எஸ்’ என்று பொறித்திருப்பதுதான் இந்த டயர்களின் பழைய அடையாளம். சேறு, பனி இரண்டுக்கும் ஏற்றது என்று அதற்குப் பொருள். ஆனால் அந்த எழுத்துகளைப் பெற டயர் பனியில் ஓடிக் காட்ட வேண்டியதில்லை. தரையைத் தொடும் பரப்பில் குறைந்தது கால் பங்கு பள்ளமாக இருக்க வேண்டும், பள்ளங்கள் விளிம்பு வரை சரியான கோணத்தில் ஓட வேண்டும் என்ற வடிவக் கணக்குகள் நிறைவேறினால் போதும். ரப்பர் எப்படிப்பட்டது என்ற கேள்வியே எழாது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1999இல் மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் பனிப்படிகம் வரைந்த சின்னம் வந்தது. அமெரிக்க, கனடிய ரப்பர் தொழில் சங்கங்கள் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. சின்னம் வேண்டுமானால், இறுகிய பனியில் ஓட்டும்போது ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் இழுவையைக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். உண்மையான சோதனை என்பதால் பழைய எழுத்துகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இந்தச் சோதனை அளப்பது வண்டி முன்னோக்கி இழுக்கும் பலத்தை மட்டுமே. பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும், வளைவில் சறுக்குமா, கண்ணாடி போன்ற உறைபனியில் என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்கு வெளியே.

இந்த வேறுபாட்டைச் சட்டங்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2014 டிசம்பர் முதல் மலைச் சின்னம் இருந்தால்தான் அங்கே அது குளிர்கால டயர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் ‘எம்+எஸ்’ எழுத்தே போதும். ஆனால் ஆழம் 3.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த குளிர்கால டயரைச் சட்டம் குளிர்கால டயராகவே மதிப்பதில்லை. டயர் எந்த வகை என்பதோடு எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்துப் பார்த்த சட்டங்கள் கடைசி இரண்டும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வண்டி ஓட்டிப் பழகி டொராண்டோவில் குடியேறியவர்களுக்கு இது முதல் நவம்பரிலேயே வந்து நிற்கும் கேள்வி: வண்டியோடு வந்த ஆல் சீசன் டயரே போதுமா, இன்னொரு செட் வாங்க வேண்டுமா? டொராண்டோ அமைந்த ஒன்ராறியோவில் கட்டாயச் சட்டம் இல்லை. 2016 முதல் குளிர்கால டயர் மாட்டுகிறவர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. ஆகவே முடிவு ஓட்டுநர் கையில். அவர் எதை வைத்து முடிவெடுப்பது?

ரப்பருக்குள் நடக்கும் பேரம்

பள்ளிக்கூடத்து அழிப்பான் மென்மையாக இருந்தால் நன்றாக அழிக்கும், சீக்கிரம் கரையும். கடினமாக இருந்தால் நெடுநாள் உழைக்கும், தாளில் வழுக்கும். டயர் செய்கிறவர்களின் அடிப்படைச் சிக்கலும் இதுதான். ஈரச்சாலையில் பிடிப்பு, நீண்ட ஆயுள், உருளும்போது குறைந்த தடை என்ற மூன்றையும் தொழிலில் ஒரு முக்கோணமாகச் சொல்வார்கள். ஒரு முனையை இழுத்தால் மற்ற இரண்டில் ஏதோ ஒன்று சுருங்கும்.

ஆல் சீசன் டயருக்கு இதோடு வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. ரப்பர் குளிரக் குளிர இறுகும். கோடைக்காக மட்டும் செய்த கலவை, ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் விறைக்கத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும். (இந்த 7 டிகிரி தொழிலில் புழங்கும் நடைமுறைக் கணக்கு, அந்த இடத்தில் கோடு கிழித்தது போல எதுவும் மாறிவிடுவதில்லை.) குளிர்காலக் கலவையோ உறைநிலைக்குக் கீழேயும் நெகிழும், ஆனால் ஜூலை வெயிலில் கொழகொழத்து வேகமாகத் தேயும். இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியது ஆல் சீசன். கோடை டயரின் வெயில்காலப் பிரேக்கும் அதற்கு வராது, குளிர்கால டயரின் உறைபனிப் பிடிப்பும் வராது. ஆண்டு முழுவதும் சுமாராகச் சமாளிக்கும் என்பதுதான் அது தரும் வாக்கு.

இந்த நடுநிலையைக் கொஞ்சம் அகலப்படுத்தியது சிலிக்கா. ரப்பரோடு வழக்கமாகக் கலக்கும் கார்பன் பிளாக் தூளின் இடத்தில் பெரும்பங்கு சிலிக்காவைச் சேர்த்து, அது ரப்பரோடு பிணைய சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருளையும் கலந்தால், ஈரப்பிடிப்பைக் காவு கொடுக்காமல் உருளும் தடையைக் குறைக்க முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய நல்ல ஆல் சீசன் டயர்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவையே. பேரம் எளிதானது, ஒழிந்துவிடவில்லை.

கலவையைப் போலவே வடிவத்திலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. ரப்பர் கட்டங்களில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருக்கும். இவற்றின் விளிம்புகள்தான் பனியைக் கவ்வும். வெட்டுகள் கூடினால் கட்டம் தளர்ந்து, உலர்ந்த சாலையில் நெளியும். நெளிந்தால் தேய்மானம் கூடும். இதற்காக வெட்டின் உட்சுவர்களை மேடுபள்ளமாக வார்த்து, சுமை ஏறும்போது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். வெட்டு எவ்வளவு ஆழம் வரை போகிறது என்பது முக்கியம். மேலோட்டமான வெட்டு டயர் பாதி தேய்வதற்குள் மறைந்துவிடும். அதோடு பனியில் அந்த டயர் காட்டிய வித்தையும் மறையும். கடையில் புது டயரைக் கையால் தடவிப் பார்க்கிறவருக்கு இந்த ஆழம் தெரியவே வராது.

சான் ஏஞ்சலோவின் நானூறு மைல்

அமெரிக்காவில் விற்கும் கார் டயரின் பக்கச் சுவரில் 640, 800 போல ஓர் எண் இருக்கும். தேய்மான மதிப்பெண் அது. 1966ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம், டயர்களின் தரத்தை நுகர்வோர் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது முறை வேண்டும் என்று ஆணையிட்டது. அதன் விளைவுதான் தேய்மானம், ஈரப்பிடிப்பு, வெப்பம் தாங்குதல் என்ற மூன்று மதிப்பீடுகள். டயர் நிறுவனங்கள் தொடக்கம் முதலே இதை விரும்பவில்லை. 1983இல் தேய்மான மதிப்பீட்டை அரசு நிறுத்திவைத்தது. நுகர்வோர் அமைப்பான பப்ளிக் சிட்டிசன் வழக்குத் தொடுத்தது. நிறுத்தியது செல்லாது என்று 1984இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அது திரும்பி வந்தது.

அந்த எண் பிறக்கும் இடம் டெக்சாஸின் சான் ஏஞ்சலோ நகர வட்டாரம். குட்ஃபெலோ விமானப்படைத் தளத்தை ஒட்டித் தொடங்கும் மூன்று சுற்றுகள், மொத்தம் 400 மைல் பொதுச்சாலை. முதல் சுற்று தெற்கே எல்டொராடோ, சொனோரா, ஜூனோ ஊர்கள் வழியாக 143 மைல் போய் அதே வழியில் திரும்பும். இரண்டாவது கிழக்கே பண்ணைச் சாலைகளில் சுற்றிவரும். மூன்றாவது வடமேற்கே வாட்டர் வேலி வரை போய் வளைந்து திரும்பும். நான்கு கார்களுக்கு மேற்படாத அணி ஒன்றாக ஓடும். அதில் ஒரு காரில் நான்கு சக்கரங்களுக்கும் அரசு வழங்கும் ஒப்பீட்டு டயர்கள். மற்றவற்றில் சோதனைக்கு வந்தவை. முதல் 800 மைல் பழக்கப்படுத்தும் ஓட்டம். பிறகு 6,400 மைல். ஒவ்வொரு 400 மைலுக்கும் டயர்களை இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு 800 மைலுக்கும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, அணியில் கார்களின் வரிசையையும் மாற்றுவார்கள். வெயிலும் சாலையின் சொரசொரப்பும் நாளுக்கு நாள் மாறும் என்பதால், அதே நாளில் அதே சாலையில் ஓடிய ஒப்பீட்டு டயர் எவ்வளவு தேய்ந்தது என்பதை வைத்துக் கணக்கைச் சரிசெய்வார்கள்.

மொத்தம் 7,200 மைல் ஓடியதும் சோதனை முடிந்தது. அதற்குள் ஒரு நல்ல டயர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேய்ந்திருக்காது. மீதி ஆயுள் முழுவதும் அந்தத் தேய்மானத்தை நீட்டிப் போட்டுப் பார்க்கும் ஊகம். நீட்டிப் போடுவதும் நிறுவனமே. மதிப்பெண்ணைப் பொறிப்பதும் நிறுவனமே. கணக்கு அனுமதிப்பதைவிடக் குறைத்துப் போட்டுக்கொள்ளவும் அதற்கு உரிமை உண்டு. தொடக்கத்தில் 100 என்றால் ஏறக்குறைய 30,000 மைல் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கை அப்படியே பிடித்தால் இன்றைய 800 மதிப்பெண் டயர் 2,40,000 மைல் ஓட வேண்டும். அப்படி எந்தக் கார் டயரும் ஓடுவதில்லை. ஆகவே இந்த எண்ணை மைலாக மாற்றிப் பார்க்க முடியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட ஓரளவு உதவும். இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் நம்பகம் குறைவு.

பக்கத்திலேயே பொறித்திருக்கும் ஈரப்பிடிப்பு எழுத்தின் கதை இன்னும் விசித்திரம். நனைத்த தார்ப்பரப்பிலும் கான்கிரீட் பரப்பிலும் 40 மைல் வேகத்தில் சக்கரத்தைப் பூட்டி இழுத்து அதை அளக்கிறார்கள். இன்றைய காரில் ஏபிஎஸ் இருப்பதால் சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்வதே இல்லை. வளைவு, தேங்கிய நீர், பனி எதுவும் இந்தச் சோதனையில் வராது. ஈரச்சாலைப் பிரேக் சோதனைகளில் நல்ல பெயர் வாங்கிய மிஷ்லின் கிராஸ்கிளைமேட்2 டயரின் பக்கச் சுவரில் இந்த வரிசையின் மூன்றாம் தரமான ‘பி’ எழுத்து இருப்பது அதனால்தான் பலரைக் குழப்புகிறது.

வாரண்டியின் பின்பக்கம்

மதிப்பெண் பிடிபடாத இடத்தில் மைல் வாரண்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 80,000 மைல் என்றால் யாருக்கும் புரியும். ஆனால் அது ஆயுள் அறிக்கை ஆகாது. நிறுவனம் ஏற்கத் தயாரான நிதிப் பொறுப்பின் எல்லை அவ்வளவுதான். முன்னதாகத் தேய்ந்தால் முழுப் பணம் வராது. ஓடாத மைலுக்கு விகிதப்படி அடுத்த டயரின் விலையில் கழிவு கிடைக்கும். அதற்கும் 5,000 முதல் 7,500 மைலுக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றியதற்கான ரசீதுகள் வேண்டும், நான்கும் சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் மாட்டிய கார்களில் இடம் மாற்ற வழியில்லை. பல நிறுவனங்கள் பின் டயருக்குப் பாதி மைல்தான் ஒப்புக்கொள்கின்றன. காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த டயருக்குப் பெரும்பாலும் மைல் வாரண்டியே கிடையாது.

இத்தனை நிபந்தனைகளைத் தாண்டிக் கோரிக்கை வைப்பவர் குறைவு. ஆகவே வாரண்டியைத் துணிந்து உயர்த்துவதால் நிறுவனத்துக்குப் பெரிய நட்டம் வந்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வாரண்டி ஓடுவது ஆழம் ஓர் அங்குலத்தில் 32இல் 2 பங்கு ஆகும் வரை. அதாவது 1.6 மில்லிமீட்டர், அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றின் சட்ட எல்லை. நம்மூர் மெக்கானிக் ‘பட்டன் போச்சு, மொட்டை டயர்’ என்று சொல்லும் நிலைக்கு ஒரு படி முன்னால்.

மூன்று குடும்பங்கள்

ஆல் சீசன் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு குடும்பங்கள் விற்கப்படுகின்றன. அமெரிக்கச் சந்தையில் அவற்றின் மைல் வாக்குறுதிகளை அடுத்தடுத்து வைத்தால் பேரம் எங்கே நடந்திருக்கிறது என்று தெரியும்.

முதலாவது ‘டூரிங்’ குடும்பம். நீண்ட ஆயுள், அமைதி, எரிபொருள் சிக்கனம் இதன் குறி. மிஷ்லின் டிஃபெண்டர்2க்கு 80,000 மைல், குட்இயர் அஷ்யூரன்ஸ் மேக்ஸ்லைஃபுக்கு 85,000 மைல் வாரண்டி. கான்டினென்டல் ட்ரூகான்டாக்ட் டூருக்கு மிதவேகத் தரத்தில் 80,000 மைல். அதே பெயர் டயரை உயர்வேகத் தரத்தில் வாங்கினால் 70,000 மைல். வேகம் கூடக் கூட ஆயுள் இறங்குவதை ஒரே டயரின் இரண்டு பதிப்புகளில் பார்க்கலாம். பனி லேசாகப் பெய்யும் ஊருக்கு இந்தக் குடும்பம் போதும். ஆழ்ந்த பனியில் இது தடுமாறும்.

இரண்டாவது ‘ஆல் வெதர்’ எனப்படும், மலைச் சின்னம் பெற்ற குடும்பம். பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் டபிள்யூஆர் வரிசையின் மூலம் வெகுநாள் தனித்து நின்ற களம் இது. 2015இல் ஐரோப்பாவில் கிராஸ்கிளைமேட் வந்த பிறகு களம் சூடுபிடித்தது. கிராஸ்கிளைமேட்2, குட்இயர் வெதர்ரெடி இரண்டுக்கும் 60,000 மைல். பிரிட்ஜ்ஸ்டோன் வெதர்பீக்குக்கு 70,000 மைல். எண்பதாயிரத்தைத் தொடும் டூரிங் டயர்களோடு ஒப்பிட்டால் பத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் மைல் வரை குறைவு. பனிக்காகக் கொடுத்த விலை அது. ஆயினும் உறைபனியில் நிற்க வேண்டி வந்தால், குளிர்காலத்துக்கென்றே செய்த டயரை இந்தக் குடும்பம் எட்டாது.

மூன்றாவது, வேகமான கார்களுக்கான உயர்திறன் ஆல் சீசன். கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸுக்கு 50,000 மைல், மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4க்கு 45,000 மைல். ஈரப்பிடிப்பில் இரண்டும் மிக உயர்ந்த ‘ஏஏ’ தரம். உலர்ந்த வளைவுகளில் டூரிங் டயரைவிடத் திருத்தமாகத் திரும்பும்.

இந்த எண்களைத் தேய்மான மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கும். மேக்ஸ்லைஃபின் மதிப்பெண் 820. நூறு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ 10,400 மைல் வாக்குறுதி ஆகிறது. ட்ரூகான்டாக்ட் டூருக்கு 800, நூறுக்கு 10,000. கிராஸ்கிளைமேட்2க்கு 640; நூறுக்கு 9,400. பைலட் ஸ்போர்ட்டுக்கு 540. நூறுக்கு 8,300 மட்டுமே. ஒரே அளவுகோல் என்றால் விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். வேகமான டயரை வாங்குகிறவர் வேகமாகத் தேய்ப்பார் என்று நிறுவனங்கள் தாமே கணித்துத் தம் வாக்குறுதியை அடக்கிக்கொள்கின்றன. மதிப்பெண் டயரைப் பற்றியது, வாரண்டி அதை ஓட்டுகிறவரையும் பற்றியது.

பாதி தேய்ந்த டயரின் உண்மை

ஒப்பீட்டுச் சோதனைகள் பெரும்பாலும் புது டயரில்தான் நடக்கின்றன. ஓட்டுநரோ டயரின் ஆயுளில் பெரும்பகுதியைத் தேய்ந்த நிலையில்தான் கழிக்கிறார். தேயும்போது எல்லாத் திறனும் ஒரே திசையில் போவதும் இல்லை. உலர்ந்த சாலையில் தேய்ந்த டயர் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே நிற்கும். கட்டங்கள் குட்டையாகி நெளிவு குறைவதுதான் காரணம். உருளும் தடையும் குறையும். கெடுவது ஈரமும் பனியும். பள்ளம் ஆழமிழக்கும்போது நீரை வெளியே தள்ள இடமில்லாமல், டயர் நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும்.

இது எவ்வளவு என்பதை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் அளந்து காட்டியது. புதிய ஆல் சீசன் டயர்களையும் 32இல் 4 பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர் வரை தேய்ந்த டயர்களையும் நனைந்த சாலையில் 60 மைல் வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடித்தார்கள். தேய்ந்த டயர் மாட்டிய கார் சராசரியாக 87 அடி, ஏறத்தாழ 26 மீட்டர், கூடுதலாக ஓடியே நின்றது. புது டயர் மாட்டிய கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தைத் தேய்ந்த டயர் கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 40 மைல். அந்த டயர் சட்டப்படி நல்ல டயர். வாரண்டிக் கணக்கிலும் ஆயுள் மீதமுள்ள டயர்.

இதை மைல் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு டயர் 32இல் 10 பங்கு ஆழத்தோடு பிறக்கிறது, 80,000 மைல் வாரண்டி என்று வைத்துக்கொள்வோம். சட்ட எல்லை வரை தேயக் கிடைப்பது 8 பங்கு. மழைக்காக 4 பங்கிலேயே மாற்றினால் பயன்படுவது 6 பங்கு. சீராகத் தேய்வதாகக் கொண்டால் 60,000 மைல். பனிக்காக 5 பங்கில் மாற்றினால் 50,000 மைல். உண்மையில் ஆழம் குறையக் குறையத் தேய்வும் மெதுவாகும் என்பதால், பிடிப்புள்ள மைல்கள் இதைவிடவும் குறையலாம். வாரண்டியில் வாங்கிய மைல்களில் குறைந்தது கால் பங்கு, மழைநாளில் நம்ப முடியாத மைல்கள்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகுவார்கள். அதிலுள்ள லிங்கன் உருவத்தின் உச்சந்தலை முழுதாகத் தெரிந்தால் 2 பங்குக்குக் கீழே போய்விட்டது, சட்டப்படியே முடிந்தது. கால் டாலர் நாணயத்தைச் செருகி வாஷிங்டனின் உச்சந்தலை தெரிந்தால் 4 பங்கு. புது டயர் பார்க்கத் தொடங்க வேண்டிய நேரம். கான்டினென்டல் இந்த வேலையை டயருக்குள்ளேயே வைத்திருக்கிறது. உலர்வு, ஈரம், பனி மூன்றையும் குறிக்கும் டி, டபிள்யூ, எஸ் எழுத்துகளை ரப்பரில் வெவ்வேறு ஆழத்தில் பொறித்திருக்கிறது. முதலில் அழிவது எஸ். அடுத்து டபிள்யூ. கடைசியாக நிற்பது டி மட்டும். ஒரு டயருக்கு மூன்று வெவ்வேறு ஆயுள் உண்டு என்று அதைச் செய்த நிறுவனமே ஒப்புக்கொண்ட கையெழுத்து அது.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. தேய்ந்த நிலையிலும் ஈரப்பிடிப்பைக் காட்ட வேண்டும் என்ற விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக ஒப்புதல் பெறும் கார் டயர் வகைகளுக்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவற்றுள் மிஷ்லினும் ஒன்று. தன் டயர்கள் தேய்ந்த பிறகும் நன்றாக நிற்கும் என்பது அதன் விளம்பர வாதமும்கூட. ஆனால் வாதத்தின் நியாயம் அதனால் குறைந்துவிடாது.

ஓட்டுநரின் பங்கு

ஒரே டயர் ஒருவருக்கு எழுபதாயிரம் மைலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்பதாயிரமும் ஓடுவது புதுமை அல்ல. காற்று குறைந்தால் இரு ஓரங்களும் தேயும், கூடினால் நடு தேயும். வீல் அலைன்மென்ட் பிசகினால் ஒரு பக்கம் மட்டும் கத்தியாகத் தேயும். முன்சக்கரம் இழுக்கும் காரில் இழுவை, திருப்பம், பிரேக் மூன்றையும் முன் டயரே சுமப்பதால் இடம் மாற்றாவிட்டால் அவை பாதி வழியிலேயே முடியும். மின்சாரக் கார்கள் இதை இன்னும் தீவிரப்படுத்துகின்றன. பேட்டரியின் எடை ஒருபக்கம், மிதித்த நொடியே பாயும் முறுக்குவிசை மறுபக்கம். பெட்ரோல் காரில் கண்ட மைலை அதே வகை டயரிடம் மின்சாரக் காரில் எதிர்பார்க்க முடியாது.

குறைவாக ஓட்டுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. ஆண்டுக்கு ஐயாயிரம் மைல் ஓட்டுகிறவர் எண்பதாயிரம் மைல் டயரைத் தேய்க்கப் பதினாறு ஆண்டு ஆகும். அதற்குள் ரப்பர் முதுமையால் இறுகி விரிசல் விட்டுவிடும். பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. பத்து ஆண்டு என்பது மிஷ்லின் போன்ற நிறுவனங்கள் வைக்கும் உச்ச எல்லை. பக்கச் சுவரில் ‘டாட்’ குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இவருக்கு மைல் வாரண்டியால் பயனில்லை. பிடிப்பு மிக்க, சீக்கிரம் தேயும் டயரே இவருக்கு லாபம்.

தேய்ந்தது எங்கே போகிறது

ஆயுளை ஒப்பிட இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. தேய்ந்த ரப்பர் தூசாகச் சாலையில் படிந்து மழையோடு ஓடைக்குப் போகிறது. டயர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ப்யூஜெட் சவுண்டை ஒட்டிய நகர ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்ததற்கு இதுவே காரணம் என்று 2020 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு யூரோ 7 விதிமுறை, புகைக்குழாயோடு நில்லாமல் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு கொண்டுவருகிறது. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி 2023 முதல் டயர் மதிப்பீட்டில் 70 விழுக்காட்டை ஓட்டப் பாதுகாப்புக்கும் 30 விழுக்காட்டைச் சுற்றுச்சூழல் கணக்குக்கும் ஒதுக்கியிருக்கிறது. ஆயுளும் தேய்மானத் தூசும் இந்த இரண்டாவது கணக்கில் வருகின்றன.

ஆகவே நீண்ட ஆயுளை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிடிப்பை விற்று வாங்கிய ஆயுள் எது, பிடிப்போடு சேர்ந்து வந்த ஆயுள் எது என்று பிரித்தறிவதில்தான் ஒப்பீட்டின் வேலை இருக்கிறது.

எப்படி ஒப்பிடுவது?

முதல் கேள்வி, ஆண்டில் மிக மோசமான நாளில் உங்கள் சாலை எப்படியிருக்கும் என்பது. கலிபோர்னியாவின் கடற்கரை நகரங்களில் அது மழைநாள். டூரிங் குடும்பம் போதும், ஆழம் 4 பங்கில் மாற்ற வேண்டும். ஹூஸ்டன் போலக் கொட்டும் மழையில் ஓட்டுகிறவர் ஈரச்சாலைச் சோதனை முடிவுகளை முதலில் பார்த்துவிட்டு வாரண்டியைக் கடைசியில் பார்க்கலாம். டொராண்டோவிலும் சிகாகோவிலும் அது பனிநாள். சாலையை விரைவாகச் சுத்தம் செய்யும் நகருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு ஆல் வெதர் குடும்பம் நேர்மையான சமரசம். விடியும் முன் கிராமச்சாலையில் வேலைக்குப் போகிறவருக்கும் கியூபெக்கின் வடக்கில் இருக்கிறவருக்கும் இரண்டு செட் டயர்தான் வழி. இரண்டு செட்டும் மாறி மாறி ஓடுவதால் இரண்டின் தேய்மானமும் பங்கிடப்படுகிறது. செலவு நினைக்கிற அளவுக்கு இரட்டிப்பாவதில்லை.

இரண்டாவது, விலையை வாரண்டி மைலால் வகுக்காமல் பிடிப்புள்ள மைலால் வகுப்பது. இருநூறு டாலர் டயர் எண்பதாயிரம் மைல் என்றால் ஆயிரம் மைலுக்கு இரண்டரை டாலர் எனத் தோன்றும். 4 பங்கில் மாற்றினால் அது மூன்று டாலர் முப்பத்து மூன்று சென்ட். இந்த இரண்டாவது கணக்கை எல்லா டயருக்கும் போட்டுப் பார்த்தால், வாரண்டி உச்சத்தில் நிற்கும் டயருக்கும் நடுத்தர டயருக்கும் உள்ள விலை வேறுபாடு பல நேரம் சில்லறையாகச் சுருங்கிவிடும். அந்தச் சில்லறைக்காக ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுப்பதில் பொருளில்லை.

மூன்றாவது, தேய்ந்த நிலையில் சோதித்த முடிவு கிடைத்தால் புது டயர் முடிவைவிட அதற்கு எடை கொடுப்பது. எந்தத் தளத்திலும் எளிதில் கிடைக்காத எண் இதுதான். ஐரோப்பிய விதி நடைமுறைக்கு வந்த பிறகாவது, 3 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போது மழையில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை நிறுவனங்கள் விலைச்சீட்டிலேயே அச்சிடலாம். அதுவரை எண்பதாயிரம் மைல் என்று சொல்லும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அதில் எத்தனை மைல் மழையில் ஓட?